குறையக் கூடாத அளவு

"உன்னை வேலையை விட்டுத் தூக்கறதுக்கு முன்னாடி உண்மையைச் சொல்லிடு, வில்மார்!"

டாக்டர் நெலிடா மேஜையைத் தட்டினாள். அவளுடைய உதவியாளன் வில்மார், கையிடுக்கில் வெந்நீர் பிளாஸ்க்கோடு விழித்தான். எந்நேரமும் மாத்தே கஷாயம் குடிக்கும் சால்டோ ஊரில் பிளாஸ்க் இல்லாத கையிடுக்கை எங்கே பார்ப்பது?

"நான் என்ன பண்ணேன் டாக்டர்?"

"வலப்பக்கத்துக் கிழங்களுக்கு மாத்தே ஊத்திக் கொடுத்துக் கதை பேசியிருக்கே."

"சத்தியமா இல்ல. அந்தப் பக்கம் தலை வெச்சுக்கூடப் படுக்கல."

அந்த முதியோர் இல்லத்தில் அவள் நடத்தியது எளிமையான ஆராய்ச்சி. தனிமை, மன இறுக்கத்தை ஏற்றும்; எச்சிலைச் சோதித்தால் அளவு தெரிந்துவிடும். இடப்பக்கத்து அறைகளுக்குத் தினமும் ஓர் ஆள் போய்ப் பேசுவார். ஒரே குடுவையில் மாத்தே கஷாயம் கைமாறிச் சுற்றும். வலப்பக்கத்துக்கு யாரும் போகக் கூடாது. ஒப்பிட்டுப் பார்க்க அவர்கள் தனியாகவே இருக்க வேண்டும்.

இடப்பக்கத்தில் இறுக்கம் குறைந்திருந்தது. வலப்பக்கத்தில் அதைவிடக் குறைந்திருந்தது!

இந்த லட்சணத்தில் முடிவை அனுப்பினால் தலைநகர் மொன்டேவிடியோவில் சிரிப்பார்கள். வருடக்கணக்காக உழைத்தது வீண்.

"நீ போகலைன்னா வேற யார் போனது? பேயா?"

"அங்க போறது நீங்க மட்டும்தான் டாக்டர். எச்சில் எடுக்க."

"அது வேலைப்பா. அதுல போய் என்ன இருக்கு?"

அவள் விடுவிடுவென்று வலப்பக்கம் நடந்தாள்.

ஜன்னலோரம் ஒட்டிலியாம்மா உட்கார்ந்திருந்தாள். பிள்ளைகள் ஸ்பெயினில். போன்கூட வருவதில்லை.

"மறைக்காம சொல்லுங்கம்மா. உங்க பக்கம் யார் வந்து பேசிட்டுப் போறாங்க?"

"யார் வரப் போறா அம்மாடி? உன்னை விட்டா எங்களுக்கு நாதியில்ல."

"நான் பேசவா வரேன்? உங்க எல்லாருக்கும் வாய் வறண்டு கிடக்கு. எச்சில் ஊறிக் குழாய் நிறையற வரைக்கும் பக்கத்துல உட்காருவேன். ஏதோ ரெண்டு வார்த்தை..."

ரெண்டு வார்த்தையா? ஒட்டிலியாம்மாவின் ஆரஞ்சுத் தோட்டம் முதல் எதிர்க்கட்டில் பிராவுலியோவின் குதிரை வரை நெலிடாவுக்கு அத்துப்படி. தன் விவாகரத்தைச் சொல்லி அழுததுகூட இந்த ஜன்னலோரத்தில்தான்.

"வில்மாரைத் திட்டாதே. நீ கத்தினது இங்க வரைக்கும் கேட்டுது." ஒட்டிலியாம்மா தலை குனிந்தாள். "தப்பு எங்க மேலதான். எல்லாம் முடிஞ்சுபோச்சாமே, இனிமே நீ வர மாட்டியாமே. அதனால சொல்லிடறேன்."

"என்னம்மா?"

"எங்க யாருக்கும் வாய் வறண்டதே இல்ல அம்மாடி. உன் குழாய் நிறைஞ்சா நீ எழுந்து போயிடுவியே!"