வெள்ளைப் படம்

டாக்டரம்மா, இலவச முகாமில் எடுத்த பழைய மார்பக எக்ஸ்ரே படத்தை வெளிச்சப் பலகையில் மாட்டினார். பூங்காவனத்துக்கு அது பனி மூடிய ஏரியைப் போலத் தெரிந்தது.

"உங்களுக்கு மார்புத் திசு ரொம்ப அடர்த்திம்மா. படத்துல அதுவும் வெள்ளை, கட்டியும் வெள்ளை. பிரிச்சுப் பார்க்கறது கஷ்டம். இப்படி இருக்கறவங்களுக்குப் புற்று வர்ற வாய்ப்பும் கொஞ்சம் அதிகம். அதான் முகாம் முடிஞ்ச வாரமே, ஸ்கேன் எடுக்க வாங்கன்னு போனுக்குச் செய்தி அனுப்பினோம். எட்டு மாசம் கழிச்சு வர்றீங்களே! இப்ப புற்று அக்குள் வரைக்கும் போயிருக்கு."

"எனக்கு ஒண்ணும் வரலியேம்மா."

டாக்டரம்மா செய்தி அனுப்பிய போன் எண்ணைப் படித்தார். பக்கத்தில் இருந்த கணவர் தணிகாசலத்தின் கை தானாகச் சட்டைப் பையிலிருந்த போனைப் பொத்தியது.

"கட்டி எதுவும் தெரியலன்னு மேலயே போட்டிருந்துச்சு. கீழதான் ஸ்கேனு, அது இதுன்னு... சொன்னா நீ பயந்துடுவியேன்னுதான்டி சொல்லல."

பூங்காவனம் அவர் பக்கம் திரும்பவில்லை. படத்தைப் பார்த்தபடியே சொன்னாள்:

"பயந்திருந்தா அன்னிக்கே ஓடி வந்திருப்பேங்க. எனக்கு வந்த பயத்தையும் நீங்களே வாங்கி வச்சுக்கிட்டீங்க."