பார்த்துப் பார்த்து

லில்லிக் கிழங்குக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

"இன்னைக்கும் தோண்டிட்டாங்க! நேத்துதான் ஒரு வேர் விட்டேன். ஏதோ நூல் ஒட்டியிருக்குன்னு அதையும் பிடுங்கிப் போட்டுட்டு, 'இன்னும் முளைக்கலையே'ன்னு என்கிட்டயே கேக்கறாங்க!"

"விடு. வசுமதியம்மாவுக்கு இதுதான் முதல் செடி. ஏதோ ஆசை" என்றது மண்தொட்டி.

"ஆசையா? தினமும் உன்னைக் கவிழ்த்துப் போட்டுத் தட்டிப் பார்த்தா தெரியும்!"



அந்த வாரமே மகளின் இரண்டாவது பிரசவத்துக்காக வசுமதியம்மா பெங்களூர் போய்விட்டார். மழைதான் தண்ணீர் ஊற்றியது. கிழங்கு நிம்மதியாக வேர் விட்டது, முளைத்தது, மொட்டும் வைத்தது.

பூ விரிந்திருந்த நாளில் அவர் திரும்பி வந்தார். பெட்டியைக்கூட உள்ளே வைக்காமல் பக்கத்து வீட்டு மேரியைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"சும்மா வந்துடுமா மேரி? பார்த்துப் பார்த்து வளர்த்தேன்!"

சொல்லிக்கொண்டே, வேர் எப்படி இருக்கிறதென்று பார்க்க மண்ணுக்குள் விரலை விட்டார்.

"ஏ தொட்டி!" என்று அலறியது கிழங்கு. "அவங்க பொண்ணுக்கு மூணாவது எப்போ?"