பூச்சட்டி லேபிள்

லேபிள் கட்டைத் தோளிலிருந்து இறக்கிச் சணலை அவிழ்த்த மாரிக்கண்ணன் அப்படியே நின்றுவிட்டான்.

கட்டின் மேல் லேபிளில் ஒரு பெண். சிவப்புச் சேலை, நெற்றிச்சுட்டி, இடுப்பில் ஒரு கை. அவள் தலைக்கு மேல் பூச்சட்டி பொரிந்து கொட்டிக்கொண்டிருந்தது.

"இது நாந்தான்" என்றான்.

பேக்கிங் ஷெட்டே சிரித்தது. சேலைக்கு மேல் ஆம்பளைச் சட்டை மாட்டிக்கொண்டு, வரிசையாக உட்கார்ந்து பெட்டிக்கு லேபிள் ஒட்டுகிறவர்கள். பசைக் கையை அந்தரத்தில் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

பொன்மணி சிரிக்கவில்லை. அவள் அவன் பெண்டாட்டி. அவள் போட்டிருந்ததும் அவனுடைய பழைய சட்டைதான்.

அவன் பெண் வேடம் கட்டி ஆடுகிறவன் என்பது அங்கே தெரியாத ரகசியம் இல்லை. பகலில் இந்தப் பட்டாசுக் கம்பெனியில் லோடு தூக்குவான். கோயில் பொங்கல் வந்துவிட்டால் சவரி வைத்து, மூக்குத்தி ஒட்டி, மேடை ஏறிவிடுவான். கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே அப்படித்தான்.

இந்த வருசம் ஒருத்தரும் கூப்பிடவில்லை. ஆடல் பாடலுக்கு இப்போது பெண்பிள்ளைகளே வருகிறார்கள். விஸ்வநத்தம் விழாக் கமிட்டியில் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார்கள், எங்களுக்கு நெசப் பொம்பளைதான் வேணும் என்று.

அன்றிலிருந்து வீட்டில் அவன் படுத்துகிற பாடு பொன்மணிக்குத்தான் தெரியும். சோற்றுத் தட்டைத் தள்ளுகிறான். கண்ணாடியைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைக்கிறான். முன்னைவிட அதிகமாகக் குடிக்கிறான்.

இன்று சாயங்காலம் அந்தக் கமிட்டி கூடுகிறது. யார் ஆட்டம் என்று முடிவாகிவிடும்.

"போன வருசம் ஆமத்தூர்ப் பொங்கல்ல எடுத்த படம். எவனோ பிரஸ்ஸுக்குக் குடுத்திருக்கான். அவனுகளே பொம்பளைன்னு நெனச்சு அடிச்சுட்டானுக, பாருங்க. இதைக் கொண்டுபோயி கமிட்டிக்காரன் மூஞ்சிக்கு நேரா நீட்டுறேன்" என்றான் மாரிக்கண்ணன்.

ஷெட்டில் மூத்தவளான வள்ளித்தாய் ஒரு லேபிளை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தாள்.

"மூக்கு என்னமோ உங்க வம்சத்து மூக்குதான். ஆனா கழுத்தப் பாருலே, மஞ்சக்கயிறு தெரியுது. உனக்கு எவன்லே தாலி கட்டினான்?"

மறுபடியும் சிரிப்பு. ஒருத்திக்குப் புரையேறிவிட்டது.

மாரிக்கண்ணன் குனிந்து பார்த்தான். ரவிக்கை விளிம்பில், நூல் அளவுக்கு மஞ்சள். எப்போது கட்டினோம் என்று அவன் தேடுவது முகத்திலேயே தெரிந்தது.

"வேசத்துக்குக் கட்டியிருப்பேன்" என்றான். குரல் இறங்கிவிட்டது. "ஏ பொன்மணி, நீயாவது சொல்லு. உனக்குத் தெரியாதா?"

ஷெட் மொத்தமும் அவளைப் பார்த்தது.

பொன்மணி கையிலிருந்த லேபிளின் முதுகில் பசையை இழுத்துத் தடவினாள். பெட்டியில் வைத்து அழுத்தினாள். தேவைக்கு மேலேயே அழுத்தினாள்.

"அவுகதான். சேலைக்கு மடிப்பெடுத்தது நானு. எனக்குத் தெரியாதா?"

சிரிப்பு அடங்கியது. பெண்டாட்டியே சொன்ன பிறகு யார் என்ன பேச.

மாரிக்கண்ணனுக்கு உயிர் வந்தது. ஒரு லேபிளைக் கசங்காமல் சட்டைக்குள் செருகிக்கொண்டான்.

"அன்னைக்கு ஆடின ஆட்டம் அப்படி. நெசப் பொம்பள ஆடினாக்கூட அது வராது."

சொல்லிவிட்டு அடுத்த கட்டைத் தூக்கப் போனான். நடையிலேயே ஓர் ஆட்டம் இருந்தது.

பொன்மணிக்கு உச்சந்தலை வரை எரிந்தது.

அன்றைக்கு ஆமத்தூரில், மேடைக்குப் பின்னால், வேனுக்குப் பக்கத்தில் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தான் அவன். தலைமாட்டில் பாட்டில். மைக்கில் அவன் பேரைக் கூப்பிட்டுவிட்டார்கள். சேலை, சவரி, நெற்றிச்சுட்டி எல்லாம் அவள் கையில் இருந்தன.

அத்தை மகனைக் கட்டியவள் அவள். அதே உயரம், அதே மூக்கு. அவன் வீட்டில் பழகுகிற ஆட்டத்தை அடுப்படியில் நின்று பார்த்துப் பார்த்தே அவள் கால் பழகியிருந்தது. பவுடரை அப்பிக்கொண்டு ஏறிவிட்டாள்.

ஓர் ஆம்பளை இப்படிக்கூட ஆடுவானா என்று சனம் விசிலடித்தது.

விடிந்ததும் ஊரே அவனைப் பாராட்டியது. அவனுக்கு ஒன்றும் நினைவில்லை, ஆனால் நம்பிவிட்டான். இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று அவள் இருந்தாள். அதற்குள் அவன் ஊரெல்லாம் சொல்லிச் சொல்லி அந்த ஆட்டத்தைத் தன்னுடையதாக்கிக்கொண்டான்.

இப்போது வாயைத் திறந்தால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். அவன் ஆடினால் கலைஞன். ஊர் சிரிக்கும், மறுநாள் டீக்கடையில் பக்கத்தில் உட்காரவைத்துப் பேசும். அவள் ஆடினாள் என்று தெரிந்தால், இதே ஷெட் சாயங்காலத்துக்குள் அவளுக்கு வேறு பேர் வைத்துவிடும்.

கமிட்டி அந்த ஆட்டத்தைத்தான் கேட்கப்போகிறது. அது அவன் காலில் இல்லை.

அன்று எல்லாவற்றையும் கழற்றி அவனுடையதை மாட்டிக்கொண்டவள், ஒன்றை மட்டும் கழற்றவில்லை. கட்டினவன் உசிரோடு கிடக்கிறானே என்று ரவிக்கைக்குள் செருகிக்கொண்டு ஏறினாள். ஆடின வேகத்தில் அது வெளியே வந்திருக்கிறது.

வள்ளித்தாய் இன்னும் லேபிளைக் கீழே வைக்கவில்லை. அதையும் பொன்மணியையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பொன்மணி புருசன் சட்டையின் கழுத்துப் பட்டனை இழுத்து மாட்டினாள். அடுத்த பெட்டியை எடுத்தாள்.