நவம்பர் வரை

விடுதி அறைக் கதவில் இரண்டு பெயர்கள் ஒட்டியிருந்தன. இசக்கியம்மாளின் பெயருக்குக் கீழே மட்டும் 'படிப்பை விடும் மாதம்: நவம்பர்' என்று அச்சிட்டிருந்தது. முதலாண்டில் சேருகிறவர்களில் யார், எப்போது பாதியில் நிற்பார் என்று கல்லூரிக் கணினி இப்படிக் கணித்துவிடும். அதன் கணிப்பு இதுவரை பொய்த்ததே இல்லையாம்.

யாரும் அவளைக் கடுஞ்சொல் சொல்லவில்லை. ஆய்வகத்தில் மட்டும் எந்தக் குழுவும் அவளைச் சேர்த்துக்கொள்ளவில்லை. பாதியில் போகிறவளை நம்பி யார் வேலையில் இறங்குவார்கள்? அறைத்தோழி ரெபேக்காவும் பிஸ்கட் பொட்டலத்தை நீட்டுவதோடு சரி.

"தப்பா எடுத்துக்காத. பழகிட்டா, நீ போறப்ப எனக்குத்தான் கஷ்டம்."

இசக்கி பல்லைக் கடித்துக்கொண்டு படித்தாள். அக்டோபர் தேர்வில் வகுப்பிலேயே இரண்டாவதாக வந்தாள். உடனே அம்மாவுக்குப் போன் போட்டாள்.

"எம்மா, நான் ரெண்டாவது! கம்ப்யூட்டர் சொன்னது தப்பும்மா!"

"சந்தோசம்ட்டி. அடுத்த மாசம் எந்தத் தேதி வாரே? தையல் கம்பெனியில ஒனக்கு எடம் சொல்லி வச்சிருக்கேன்."

"நான் வரலம்மா."

அம்மா தையல் கம்பெனிப் பேச்சை அதோடு விட்டாள்.

"சரிட்டி. இந்தச் சேதிய அங்க யாருகிட்டயாவது சொன்னியா?"

சொல்லிக்கொள்ள அங்கே ஒருவரும் இல்லை. "நாலாந்தேதி வாரேம்மா," என்றாள் இசக்கி.

நவம்பர் நான்காம் தேதி பெட்டியைத் தூக்க ரெபேக்காதான் கைகொடுத்தாள். ஆட்டோ கிளம்பும்போது ஓடிவந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு, முதல்முறையாகக் கேட்டாள்:

"ஆமா, உனக்கு எந்த ஊரு?"