நானூறு பக்கத்துக்கு ஒரு சாட்சி

"போன மாசம் அரசாங்கம் வீட்டுக்கு வீடு கொடுத்த பணத்தை என்ன பண்ணினே?"

"தொடவே இல்லைங்க. அப்படியே பேங்க்ல போட்டுட்டேன்," என்றாள் மனைவி, காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டே.

பொருளாதார ஆய்வு நிலைய இயக்குநருக்குப் புல்லரித்தது. அரசு கடன் வாங்கிப் பணம் கொடுத்தால், பின்னால் வரி ஏறும் என்று முன்கூட்டியே கணித்து மக்கள் அதைச் சேமித்துவிடுவார்கள். அதனால் பணம் கொடுத்துப் பயனில்லை, அரசு செலவை வெட்டுவதே நல்லது என்று நானூறு பக்கத்துக்கு அறிக்கை கொடுத்திருந்தார். ஆனால் அப்படிக் கணித்துச் சேமிக்கும் ஆளை இதுவரை கண்ணால் கண்டதில்லை. இத்தனை வருஷமாக வீட்டுக்குள்ளேயே இருந்திருக்கிறாள்!

"வரி ஏறும்னு தெரிஞ்சுதானே சேமிச்சே?"

"வரியாவது ஒண்ணாவது. உங்க வேலை போயிடும்னு தெரிஞ்சு சேமிச்சேன்."

"யார் சொன்னா?"

"உங்க அறிக்கைதான். வீண் செலவுன்னு பார்த்தா, முதல்ல கண்ணுல பட்டது உங்க ஆய்வு நிலையம். நிதிச் செயலாளர்ங்கிற முறையில, அதை மூடுற உத்தரவுல இன்னிக்கு நான்தான் கையெழுத்துப் போட்டேன்."

இயக்குநர் சட்டென்று நிமிர்ந்தார்.

"பணத்தை எப்போ பேங்க்ல போட்டே?"

"அறிக்கையைப் படிச்ச அன்னிக்கே."

"முன்கூட்டியே கணிச்சு?" அவர் ஆவலோடு குறிப்பேட்டைத் தேடினார். "அப்போ என் கோட்பாடு சரிதான்."