சருகு விளையாட்டு

சத்தியமா சொல்றேன், இதுல ஒரு வார்த்த பொய்யின்னாலும் என் மீசை கொட்டிப்போவட்டும்.

காட்டுல, மரத்தடியில ஒரு பால்வாடி. கௌதாரிதான் டீச்சர். பாடமே விளையாட்டுதான். டீச்சர் "பருந்து!"ன்னு கத்துனா, குஞ்சுங்க மண்ணுல மல்லாந்து சருகப் போத்திக்கணும்.

மயிலம்மா மட்டும் தன் புள்ளைய விளையாட விடல. "எம்புள்ள தோகை விரிக்கப்போற ராசா. அழுக்குல புரளுமா?"

"தோகை மொளைக்கிற வரைக்கும் உசுரு இருக்கணுமே, அக்கா!"ன்னா டீச்சர்.

ஒருநா நெசமாவே பருந்து எறங்குச்சு. டீச்சர் கத்துனதும் எல்லாக் குஞ்சும் சருகுக்குள்ள மறைஞ்சிடுச்சு. மயில்குஞ்சு மட்டும், படுக்கச் சுத்தமான எடம் தேடிக்கிட்டு நின்னுச்சு.

பருந்து தூக்கிட்டுப் போனப்புறமும் மயிலம்மா பேர் சொல்லிக் கூப்புட்டுக்கிட்டே இருந்தா.

சரி, கண்ணத் தொடைங்க. எனக்குத் தொண்ட காஞ்சுபோச்சு. ஒரு டீ, ரெண்டு வடை எடுங்க. வடை சூடா இருக்கணும், ஆமா!