உரத்துல போட்ட மாலை

“சாவு மாலையைத் தூக்கிட்டு வந்து இந்த உரத்துல போட்டது யாரு? முன்னாடி வா!”

கோயில் தலைவர் முகுந்தன் போட்ட சத்தத்துல, உரக்குவியல்ல சொருகின தெர்மாமீட்டரை அப்படியே விட்டுட்டுப் புள்ளைங்க எல்லாம் எந்திரிச்சுட்டாங்க.

பிரிக்ஃபீல்ட்ஸ்ல, கோயிலுக்குப் பின்னாடி சும்மா கிடந்த நிலம் அது. மாதவி டீச்சர் கெஞ்சிக் கேட்டு வாங்கித் தோட்டம் போட்டாங்க. சாமிக்குப் போட்டு இறக்கின மாலையெல்லாம் இங்கதான் வரும். சனிக்கிழமையானா புள்ளைங்க உக்காந்து நூலைப் பிரிச்சு எடுத்துட்டு, காய்ஞ்ச இலை கலந்து மூடி வெப்பாங்க. கொஞ்ச நாள்ல அறுபது டிகிரி சூடு ஏறிரும்! கிருமி எப்படிச் சாகுது, பூ எப்படி மண்ணாகுதுன்னு ஃபோர்ம் ஃபோர் படிக்கற பதினாறு வயசுப் புள்ளைங்க கையால தொட்டுப் படிக்கற இடம்.

அந்த உரத்துல வளர்ற கீரை, கோயில் அன்னதானத்துக்குப் போயிரும். தைப்பூசத்துக்குன்னே பாத்தி நிறைய தளதளன்னு நின்னுச்சு.

தாமரை முன்னாடி வந்தா. செந்தூல் ஃபிளாட் பொண்ணு.

“நான்தான் அங்கிள்.”

“தீபாவளி கழிச்சு, நீ மின்சுடலையில இருந்து பையில மாலை எடுத்துட்டு வந்ததை ஆளு பாத்திருக்கு. இப்பதான் என் காதுக்கு வருது. நிஜமா?”

“ஆமா அங்கிள். ஒரு மாலைதான்.”

“ஒரு மாலைதானா? பால் குடத்துல ஒரு சொட்டு விஷம்தான்னு சொல்லுவியா? பொணத்து மேல கிடந்த பூவுல விளைஞ்ச கீரையை, காவடி எடுத்துட்டு வர்ற சனம் தின்னணுமா?”

ரிஷிக்கு வாய் சும்மா இருக்காது. “அங்கிள், அதெல்லாம் நைட்ரஜனா மாறிடுச்சு லா. யாரு கழுத்துல கிடந்தோம்னு நைட்ரஜனுக்கு ஞாபகமா இருக்கும்?”

புள்ளைங்க சிரிச்சுட்டாங்க.

“சிரிங்கடா, நல்லா சிரிங்க. தோட்டத்து கேட் சாவியைக் குடுத்துட்டு, வீட்டுல போய் உக்காந்து நைட்ரஜன் படிங்க.”

சிரிப்பு நின்னு போச்சு.

மாதவி டீச்சர் கையில இருந்த மண்ணைத் தட்டிட்டு ஓடி வந்தாங்க.

“அண்ணே, தப்பு என் மேலதான். நான் பாத்திருக்கணும். இந்தக் கீரை அன்னதானத்துக்கு வேணாம், பிடுங்கிர்றோம். புது மண்ணு போடறோம். இடத்தை மட்டும் வாங்கிறாதீங்கண்ணே. இவங்களுக்கு வேற எங்க இப்படி ஒரு இடம் கிடைக்கும்?”

“கீரை போடத்தான் உங்களுக்கு இடம் குடுத்தோம் டீச்சர். சுடுகாட்டுக் குப்பையைக் கொட்ட இல்ல.” தாமரை பக்கம் திரும்புனாரு. “ஏம்மா, பிரிக்ஃபீல்ட்ஸ்ல பூவுக்கா பஞ்சம்? எதுக்கு அதைப் போய் எடுத்தே?”

தாமரை தலையைக் குனிஞ்சுகிட்டே சொன்னா.

“எங்க ஃபிளாட்ல தனியா இருந்தவரு அங்கிள். அவருக்கு விழுந்தது அந்த ஒரு மாலைதான். அதுவும் நாங்க அக்கம்பக்கத்துல சேந்து வாங்குனது. எரிக்க உள்ள அனுப்பறப்போ அதைக் கழட்டிக் குப்பைத் தொட்டியில போட்டுட்டாங்க. மனசு கேக்கல. மண்ணாவாவது ஆகட்டும்னு எடுத்துட்டு வந்தேன்.”

“ஏன், அந்த ஆளுக்குச் சொந்தபந்தம் யாரும் இல்லையா?”

“இருக்காங்க. வரல.”

சத்தம் கேட்டு, சாமி கும்பிட வந்த சனமும் வேலியோரம் வந்து நின்னுருச்சு. முகுந்தன் அவங்களுக்கும் கேக்கற மாதிரி குரலை ஏத்துனாரு.

“கேட்டீங்களா? சாவுக்கே வராத சொந்தம்! அதெல்லாம் மனுச ஜென்மமா? அவனுங்க பாவத்தைக் கொண்டு வந்து, இந்தப் பொண்ணு நம்ம கோயில் நிலத்துல கொட்டியிருக்கு! சொல்லும்மா, யாரு அந்தக் குடும்பம்? அவனுங்களையே இங்க வரவெச்சு, இத்தனை சனத்துக்கு முன்னாடி மன்னிப்புக் கேக்க வெக்கறேன்.”

தாமரை மாட்டேன்னு தலையாட்டுனா.

“பேரைச் சொன்னா நீங்க இங்கயே இருந்து படிக்கலாம். சொல்லலைன்னா, இன்னைக்கே கேட்டைப் பூட்டிருவேன்.”

“சொல்லிரு லா தாமரை!” ரிஷி அவ கையைப் பிடிச்சு உலுக்குனான். “செத்தவரையே எட்டிப் பாக்காதவங்களுக்காக, நம்ம தோட்டம் போகணுமா?”

“வேணாம் ரிஷி.” அவ கண்ணு கலங்கியிருந்துச்சு. “பூட்டிக்குங்க அங்கிள். நாங்க போயிர்றோம்.”

மாதவி டீச்சருக்கே ஒண்ணும் புரியல. “என்னம்மா இது? நீ ஏன் அவங்களைக் காப்பாத்தறே?”

“அப்படின்னா இந்தப் பொண்ணுக்கும் அதுல ஏதோ பங்கு இருக்கு!” முகுந்தன் வேலிப் பக்கம் கையைக் காட்டுனாரு. “வளர்ப்பு அப்படி! பெத்தவங்களைக் கூப்பிடுங்க டீச்சர். எப்படிப்பட்ட குடும்பத்துல இருந்து வந்திருக்குன்னு, இங்க எல்லாரும் பாக்கட்டும்.”

தாமரை நிமிந்து பாத்தா. வேலியோரம் நின்ன சனத்தையும் ஒரு தடவை பாத்தா. அப்புறம் அவங்க காதுல விழாத மாதிரி, முகுந்தனுக்கு ரொம்பப் பக்கத்துல போய் நின்னு, மெதுவா சொன்னா.

“அது உங்க தம்பி குருவோட மாலை அங்கிள். கொள்ளி வெக்க வாங்கன்னு அன்னைக்கு உங்களுக்குப் போன் அடிச்சதும் நான்தான்.”